அவைக்கு வராதவர்கள்
(1962-ஆம் ஆண்டின் இரு எழுத்தாளர் மாநாடுகள் குறித்த ஒரு கட்டுரை)

மூன்றாமாண்டு, இளங்கலை ஆங்கில இலக்கியம்

முன்னுரை

சென்ற கல்வியாண்டில் எங்கள் துறை இலக்கிய மன்றக் கூட்டம் ஒன்றில் ‘நான் படித்த நூல்’ என்னும் தலைப்பில் பேச என் பெயரும் கொடுக்கப்பட்டிருந்தது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958-இல் வெளியிட்ட ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ என்னும் புதினத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதை மும்முறை படித்திருந்தேன். அதன் தலைவன் ஒக்கோன்குவோவின் முடிவைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயினும் மேடையில் நின்றபோது, எழுதி மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்கள் நான்காவது வரியோடு நின்றுவிட்டன. “தமிழில் சொல்லலாமா, ஐயா?” என்று கேட்டேன். “ஆங்கிலத் துறை மன்றத்தில் தமிழா?” என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொல்ல, அவை சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன். நூலைப் பற்றி நான் சொல்ல நினைத்தது எதையும் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் பேராசிரியர் ஒருவர் என்னை அழைத்து, ஒரு சிறிய நூலைக் கையில் கொடுத்து, “இதைப் படிம்மா; நேற்று நடந்தது உனக்கு மட்டும் நடந்ததில்லை என்பது தெரியும்” என்றார். அது கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 1986-இல் வெளியிட்ட ‘டிகாலனைசிங் த மைண்ட்’ என்னும் கட்டுரைத் தொகுதி. அந்நிய ஆட்சி மனத்தின்மேல் போட்ட தளையை அவிழ்ப்பது எப்படி என்பதே அந்நூலின் பொருள். அதன் முதற்கட்டுரை 1962-இல் நடந்த ஓர் எழுத்தாளர் மாநாட்டைப் பற்றிப் பேசுகிறது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் நடந்த மற்றொரு மாநாட்டைப் பற்றியும் தேடிப் படித்தேன். நூலாசிரியர்கள் கூடித் தம் நூல்களைப் பற்றிப் பேசும் அவைகளால் விளையும் பயன் யாது, அவற்றில் விடுபட்டுப் போவது யாது என்பதை இவ்விரு மாநாடுகளின் வழியே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரங்கேற்றமும் இலக்கிய விழாவும்

நூலை அவையில் வைத்துப் பேசுதல் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்பதை அந்நூலின் சிறப்புப்பாயிரம் உரைக்கிறது. வள்ளுவரும் கல்வியை அடுத்துக் கல்லாமையை வைத்து, அதனை அடுத்துக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆசிரியன் சொல்ல, அவை கேட்க, ஐயம் எழ, விடை பிறக்க, அதன்பின் நூல் உலகில் நடமாடுவது நம் பழைய முறை.

அச்சு வந்தபின் இந்த உறவு மாறியது. ஆசிரியர் ஓர் ஊரில் எழுத, வாசகர் வேறோர் ஊரில் தனியே அமர்ந்து படிக்கலானார். பிரிந்த இருவரையும் மீண்டும் ஒரு கூரையின்கீழ்க் கூட்டும் முயற்சிகளே இக்கால இலக்கிய விழாக்கள். இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் 1949-இலும், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1983-இலும், நம் நாட்டில் ஜெய்ப்பூரில் 2006-இலும் இத்தகைய விழாக்கள் தொடங்கப்பெற்றன. எடின்பரோவில் புத்தக விழா தோன்றுவதற்கு இருபத்தோராண்டுகளுக்கு முன்னரே அங்கு நடந்த ஒரு மாநாடுதான் நாம் முதலில் காணவேண்டியது.

எடின்பரோ, ஆகஸ்டு 1962

எடின்பரோவில் 1947 முதல் அனைத்துலகக் கலைவிழா நடந்து வருகிறது. இசையும் நாடகமும் நிறைந்த அவ்விழாவில் எழுத்தாளர்களுக்கும் இடம் வேண்டும் என்று எண்ணியவர் ஜான் கால்டர் என்னும் பதிப்பாளர். சோனியா ஆர்வெல், எடின்பரோவில் புத்தகக்கடை நடத்திய ஜிம் ஹேன்ஸ் ஆகிய இருவரும் அவருக்குத் துணை நின்றனர். பல்கலைக்கழகத்தின் மெக்யூவன் மண்டபத்தில் ஆகஸ்டு 20 முதல் 24 வரை மாநாடு நடைபெற்றது. பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ எழுபது எழுத்தாளர்கள் வந்தனர். ஹென்றி மில்லர், நார்மன் மெய்லர், மேரி மெக்கார்த்தி, லாரன்ஸ் டரல், மியூரியல் ஸ்பார்க் ஆகியோர் அவர்களுள் சிலர். நம் நாட்டின் குஷ்வந்த் சிங்கும் அங்கிருந்தார்.

நாளுக்கு ஒரு பொருளாக ஐந்து நாள் விவாதம். முதல்நாள் புதினம் எழுதும் முறைகள். இரண்டாம் நாள் ஸ்காட்லாந்தின் அன்றைய எழுத்து. மூன்றாம் நாள் எழுத்தாளன் ஒரு கொள்கைக்குக் கட்டுப்பட வேண்டுமா என்பது. நான்காம் நாள் தணிக்கை. ஐந்தாம் நாள் புதினத்தின் எதிர்காலம். கட்டணம் கொடுத்து நுழைந்த பொதுமக்கள் மண்டபத்தை நிறைத்தனர்.

இம்மாநாட்டினால் ஒரு நூலுக்கு வாழ்வு கிடைத்தது. வில்லியம் பரோஸ் எழுதிய ‘நேக்கட் லஞ்ச்’ பாரிசில் 1959-இல் அச்சானது. அதனைப் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ வெளியிடப் பதிப்பாளர் தயங்கிய காலம் அது. மெக்கார்த்தியும் மெய்லரும் எடின்பரோ மேடையில் அந்நூலை வெளிப்படையாகப் பாராட்டினர். ஒரு தாளை நடுவே மடித்து மற்றொரு தாளின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் படித்துப் புதிய வாசகம் உண்டாக்கும் தம் முறையைப் பரோசே அவையோர்க்கு விளக்கினார். அவ்வாண்டிலேயே நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. பாஸ்டன் நகர நீதிமன்றம் 1965-இல் அதனை ஆபாசம் என்று தீர்ப்பளித்தது. மெய்லர் நூலுக்காகச் சாட்சி சொன்னார். 1966-இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஓர் அவையின் பேச்சு ஒரு நூலை நீதிமன்றம் வரை தாங்கிச் சென்றதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

எனினும் என் மனம் நின்றது இரண்டாம் நாளில். ஹ்யூ மெக்டயர்மிட் என்னும் முதுபெருங் கவிஞரும், அலெக்சாண்டர் ட்ரோக்கி என்னும் இளைய புதின ஆசிரியரும் அன்று மேடையில் மோதிக்கொண்டனர். மெக்டயர்மிட் தம் மக்களின் ஸ்காட்ஸ் மொழியில் பாடி, 1926-இல் அம்மொழியில் ஒரு நெடுங்கவிதையே படைத்தவர். ட்ரோக்கி கிளாஸ்கோவில் பிறந்து, பாரிசிலும் நியூயார்க்கிலும் வாழ்ந்தவர். கடந்த இருபதாண்டுகளில் ஸ்காட்லாந்தில் எழுதப்பட்டவற்றுள் குறிப்பிடத்தக்கவை எல்லாம் தாம் எழுதியவையே என்னும் பொருள்பட ட்ரோக்கி பேசினார். எந்த மண்ணிலும் வேரூன்றாதவர் என்று முதியவர் அவரை ஏசினார். இதழ்கள் இதனை ஒரு வேடிக்கைச் சண்டையாகவே எழுதின. ஆனால் அதன் அடியில் ஒரு கேள்வி இருந்தது: எழுத்தாளன் யாருக்காக எழுதுகிறான்? எந்த மொழியில் எழுதுகிறான்? எடின்பரோ அக்கேள்விக்கு விடை காணவில்லை. ஆயினும் தன் மொழிக்காகச் சண்டையிட ஒரு முதியவருக்கு அங்கே நாற்காலி இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

கம்பாலா, ஜூன் 1962

எடின்பரோ மாநாட்டிற்கு இரண்டு மாதம் முன்னதாக, உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில், மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு மாநாடு கூடியது. உகாண்டா விடுதலை பெற்றது அவ்வாண்டு அக்டோபர் 9-ஆம் நாள். ஆக, அந்நியக் கொடி இறங்குவதற்கு நான்கு மாதங்களே இருந்தன. அச்செபே, வோலே சோயிங்கா, கிறிஸ்டோபர் ஒகிக்போ, எசக்கியல் ம்பாலேலே, கிரேஸ் ஓகோட் முதலிய ஆப்பிரிக்க எழுத்தாளர்களும், அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸும் அங்குக் கூடினர். தாம் எழுதியவற்றைத் தாமே அலசி, ஆப்பிரிக்க இலக்கியம் என்பது யாது என்று அவர்கள் விவாதித்தனர்.

மக்கரேரேயில் அப்போது ஒரு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் சில சிறுகதைகள் அச்சேறியிருந்ததால் அவருக்கும் அழைப்பு வந்தது. தாம் எழுதிய புதினத்தின் கையெழுத்துப் பிரதியை அவர் அச்செபேயிடம் கொடுத்தார். அச்செபே படித்துக் கருத்துரைத்தார். ‘வீப் நாட், சைல்ட்’ என்னும் பெயரில் 1964-இல் அது வெளியாயிற்று. அந்த மாணவரே பின்னாளில் கூகி வா தியாங்கோ என்று உலகறிந்தவர். ஓர் இலக்கிய அவை ஓர் இளைஞனுக்குச் செய்யக்கூடிய நன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிற்க. அம்மாநாட்டின் பெயரைச் சற்று உற்று நோக்குவோம். ‘ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு’ என்பது அதன் பொருள். பெயரிலேயே ஒரு கதவு சாத்தப்பட்டிருந்தது. சுவாகிலி மொழியில் கவிதையும் உரைநடையுமாகப் பல நூல்கள் தந்த ஷாபான் ராபர்ட் அண்டை நாடாகிய தங்கனீக்காவைச் சேர்ந்தவர். யோருபா மொழியில் 1938-இலேயே புதினம் வெளியிட்டுப் புகழ்பெற்றவர் நைஜீரியாவின் ஃபகுன்வா. இவ்விருவரும் அந்த அழைப்புக்கு உரியவர் ஆகமாட்டார். சில சிறுகதைகளே எழுதியிருந்த தாம் உள்ளே அமர, இப்பெருமக்களுக்கு வாயிலே இல்லாமற்போனதைக் கூகியே பிற்காலத்தில் எடுத்துக்காட்டி வருந்துகிறார். ஷாபான் ராபர்ட் அதே ஜூன் மாதத்தில் காலமானார். ஃபகுன்வா அடுத்த ஆண்டு மறைந்தார். மாநாட்டில் அமர்ந்திருந்த சோயிங்காவே ஃபகுன்வாவின் முதல் நூலை 1968-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாநாட்டுக்குப் பொருளுதவி செய்த அமைப்புகளுள் ஒன்றாகிய பண்பாட்டுச் சுதந்திரப் பேரவைக்கு அமெரிக்க உளவு நிறுவனத்திலிருந்து பணம் வந்தது என்பது 1966, 1967-ஆம் ஆண்டுகளில் வெளியாயிற்று. கம்பாலாவில் பேசிய எழுத்தாளர்கள் அதற்காகப் பேசவில்லை. எனினும் மேடையை யார் போட்டார் என்று கேட்பதும் படிப்பின் ஒரு பகுதியே.

மாநாட்டுக்குப்பின் எழுந்த வழக்கு

மேடையில் எழாத கேள்வி அடுத்த ஆண்டு அச்சில் எழுந்தது. கம்பாலாவில் 1961 முதல் வெளிவந்த ‘டிரான்சிஷன்’ இதழில், நைஜீரியாவின் ஓபி வாலி 1963-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் கொண்டு ஆப்பிரிக்க இலக்கியம் வளர்க்க முயல்வது முட்டுச்சந்தில் நடப்பது போலாகும் என்பது அவர் வாதம். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன.

அச்செபே 1964-இல் ஆற்றிய உரையில் தம் நிலையை விளக்கினார். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. நைஜீரியாவில் நூற்றுக்கணக்கான மொழிகள் உள்ளன. ஒரு பகுதியினர் எழுதுவதை மற்றொரு பகுதியினர் படிக்க ஆங்கிலமே அன்று பாலமாயிருந்தது. வரலாறு கையில் கொடுத்த மொழியை விட்டெறியாமல், தம் மண்ணின் அனுபவத்தைச் சுமக்கும்படி அதனை வளைப்பதே தம் வழி என்றார் அவர். நான் மும்முறை படித்த அந்தப் புதினமே அதற்குச் சான்று. இக்போ மக்களின் பழமொழிகளும் பேச்சின் நடையும் அதன் ஆங்கிலத்தில் ஊடாடுகின்றன. அவர் ஆங்கிலத்தில் எழுதாதிருந்தால், ஒரு தமிழ் மாணவிக்கு ஒக்கோன்குவோ அறிமுகமாகியிருப்பானா என்பது ஐயமே.

கூகி வேறு முடிவுக்கு வந்தார். ஆனால் உடனே வரவில்லை. நைரோபிப் பல்கலைக்கழகத்தில் 1968-இல் அவரும் நண்பர் இருவரும் ஆங்கிலத் துறையையே எடுத்துவிட்டு, ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைக்கும் துறை ஒன்றை அமைக்கக் கோரினர். அதன் பின்னரும் அவர் ஆங்கிலத்திலேயே எழுதினார். 1977-இல் அவருடைய ஆங்கிலப் புதினம் ஒன்று விடுதலைக்குப் பிந்திய கென்யாவின் செல்வரைக் கடுமையாகச் சாடியது. அதற்காக அவரை யாரும் சிறையிலிடவில்லை. அதே ஆண்டில் கமிரீத்து என்னும் ஊரில், உழவரையும் தொழிலாளரையும் நடிக்கவைத்து, தாய்மொழியாகிய கிக்கூயூவில் மற்றொருவருடன் சேர்ந்து ஒரு நாடகம் படைத்தார். சில வாரங்களில் நாடகம் தடைசெய்யப்பட்டது. ஆண்டின் இறுதியில் அவர் கைதாகி, விசாரணையின்றி ஓராண்டு காவலில் வைக்கப்பட்டார். ஆள்வோரை அஞ்சவைத்தது கருத்து மட்டுமன்று, அது எந்த மொழியில் மக்களிடம் சென்றது என்பதுமே எனலாம்.

சிறையில் கழிவறைத் தாளில் அவர் கிக்கூயூ மொழியில் ஒரு புதினம் எழுதினார். 1980-இல் அது வெளிவந்து அவ்வாண்டிலேயே மறுபதிப்புகள் கண்டது. தமிழிலும் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்னும் பெயரில் வந்துள்ளது. எழுத்தறியாதார்க்கு வீட்டில் பிள்ளைகள் அதனைப் படித்துச் சொன்னார்கள். மதுக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்து கேட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் அரங்கேற்றமே நினைவுக்கு வந்தது. நூலும் அவையும் மீண்டும் ஒன்று சேர்ந்துவிட்டன. அழைப்பிதழும் கட்டணமும் தேவைப்படவில்லை.

படைப்பு இலக்கியத்தைக் கிக்கூயூவிலேயே எழுதுவதென்று உறுதிபூண்ட கூகி, தம் புதினங்கள் சிலவற்றைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உலகுக்கு அளித்தார். 2025-ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார்.

ஒப்புநோக்கு

இரு மாநாடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, அவையின் பயன் மெய்யானது. பரோசின் நூலுக்கு எடின்பரோ துணை நின்றது. கூகியின் பிரதிக்குக் கம்பாலா ஒரு வாசகரைத் தந்தது. இலக்கிய விழாக்கள் வெறும் ஆடம்பரம் என்போர் இவற்றை மறந்துவிடலாகாது.

இரண்டாவது, எடின்பரோவில் ஆராயப்பட்டது எதை எழுதலாம் என்னும் உரிமை. தணிக்கை அங்கே அரசிடமிருந்தும் நீதிமன்றத்திடமிருந்தும் வந்தது, எனவே கண்ணுக்குத் தெரிந்தது, எதிர்த்துப் பேசமுடிந்தது. கம்பாலாவில் இருந்த தடை வேறு வகை. அது மாநாட்டின் பெயரிலேயே மறைந்திருந்தது. யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. எனவே உள்ளே இருந்தவர்க்கு அது தடையாகத் தோன்றவுமில்லை. மெக்டயர்மிட்டுக்கு எடின்பரோவில் சண்டையிட நாற்காலியாவது இருந்தது. ஷாபான் ராபர்ட்டுக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது, விடை கிடைத்தது மேடையில் அன்று. கேள்வியைச் சுமந்துகொண்டு வீடு திரும்பிய ஒருவர், பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு சிறையறையில் அதற்குத் தம் விடையை எழுதினார். அச்செபே தம் விடையைத் தம் எழுத்தில் தந்தார். இருவரில் யார் சரி என்று தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. இருவரையும் படித்தவள் என்ற முறையில், இருவரும் தேவை என்றே எனக்குப் படுகிறது.

முடிவுரை

கூகி தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதுகிறார். தாய்மொழியில் பேசி அகப்பட்ட மாணவனுக்குப் பிரம்படி. சிலர் கழுத்தில் ‘நான் முட்டாள்’ என்னும் பொருள்பட எழுதிய தகட்டைத் தொங்கவிடுவார்கள். காலையில் ஒரு மாணவனிடம் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். தாய்மொழி பேசுபவனிடம் அதை அவன் தள்ளிவிட வேண்டும். அது கைமாறிக் கைமாறி மாலைவரை போகும். பிள்ளைகளையே ஒருவர்மேல் ஒருவர் ஒற்றராக்கிய ஏற்பாடு அது. இப்பகுதியை என் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவன் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறான். “எங்க கிளாஸ்லயும் தமிழ்ல பேசினா ஃபைன் உண்டுக்கா. லீடர்தான் பேர் எழுதுவான்” என்றான். அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அதுவே எனக்கு அச்சமாயிருந்தது.

நான் ஆங்கில இலக்கியம் படிக்க விரும்பியே இத்துறையில் சேர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். ஆங்கிலம் எனக்குத் திறந்துவிட்ட உலகத்தை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். இக்கட்டுரைக்கு வேண்டிய செய்திகளில் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்தின் வழியேதான் அறிந்தேன். ஆனால் அந்த உலகத்துக்குள் நுழையும்போது, எனக்குத் தெரிந்ததையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொன்னால், உள்ளே போவது நான் அல்லள். மனப்பாடம் செய்த நான்கு வரிகள்தாம்.

இவ்வாண்டு மன்றக் கூட்டத்தில் மீண்டும் பெயர் கொடுத்தேன். முதல் பத்து நிமிடம் தமிழிலும் பின் ஐந்து நிமிடம் ஆங்கிலத்திலும் பேச இசைவு கேட்டேன், பேராசிரியர் இசைந்தார். அதே நூலைத்தான் எடுத்துக்கொண்டேன். தமிழில் சொல்லி முடித்தபின், ஆங்கிலம் முன்போல் அவ்வளவு திக்கவில்லை. கூட்டம் முடிந்ததும், இரண்டாண்டுகளாக மன்றத்தில் வாய்திறவாத தோழி ஒருத்தி வந்து, “அடுத்த கூட்டத்துல நானும் பேசலாமா?” என்று கேட்டாள். அவள் படித்திருப்பவை என்னைவிட மிகுதி என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆதலால் நம் பேராசிரியர்களுக்கும் சக மாணவர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள் ஒன்றுண்டு. பருவத்துக்கு ஒரு மன்றக் கூட்டத்தையேனும் இருமொழிக் கூட்டமாக நடத்துவோம். அவையில் பேசியவர் யார் என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். படித்திருந்தும் பேசாமல் அமர்ந்திருந்தவர் யார் என்பதையும் அன்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.